தண்ணீர் வண்டிக்குக் காட்டிய கற்பூரம்

நான் ஒரு தீயணைப்பு வீரன். எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கே ஒரு தடவை தீயணைப்புப் படை ஓடி வந்தது. அதற்குக் காரணமும் நான்தான். இதை நானே சொல்லிவிடுவது மரியாதை. இல்லாவிட்டால் என் மனைவி ராஜி சொல்லுவாள், இன்னும் நாலு கூட்டி.

ஒஸ்லோவில் பன்னிரண்டு வருடம் பஸ் ஓட்டியவன் நான். ராஜிக்கு வடக்கே ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்ததும் ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியிலிருந்த மாடி வீட்டை விட்டு அங்கே குடிபோனோம். அந்த ஊரில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் தீயணைப்புப் படை கிடையாது. தச்சர், பள்ளி ஆசிரியை, மெக்கானிக் என்று பதினான்கு பேர் இடுப்பில் பேஜரோடு திரிவார்கள். அது கத்தினால் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். நெருப்புக்கும் அவர்கள்தான், நெஞ்சுவலிக்கும் அவர்கள்தான். கனரக வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்பதால் என்னையும் சேர்த்தார்கள். ஆறு மாதம் பார்ப்போம், பிழை விட்டால் வீட்டுக்குப் போகலாம் என்பது பேச்சு. எனக்கோ அந்தச் சிவப்பு வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்காராமல் இந்தக் கட்டை வேகாது என்ற ஆசை.

ஆறு மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது புதுத் தண்ணீர் வண்டி வந்தது. எட்டாயிரம் லீட்டர்! எல்லோரும் சுற்றி நின்று காப்பி குடித்தார்கள், கைதட்டினார்கள், போய்விட்டார்கள். சில்லுக்குக் கீழே ஒரு தேசிக்காய் (சக்கரத்துக்குக் கீழே வைக்கும் எலுமிச்சங்காயைத்தான் சொல்கிறேன்) கிடையாது. எனக்கு மனம் கேட்கவில்லை. பழைய கார் வாங்கினால்கூடத் தேசிக்காய் நசுக்காமல் தெருவில் இறக்காத பரம்பரை நாங்கள். உயிர் காக்கப் போகிற வண்டியை இப்படி மொட்டையாக விடலாமா?

மறுநாள், சனிக்கிழமை காலை, நிலையத்தைக் கழுவும் முறை என்னுடையது. ராஜியையும் கூட்டிப் போனேன்.

"இஞ்சாருங்கோ, இதுக்குள்ளை கற்பூரம் கொளுத்தலாமே?"

"நான் ஆர்? நெருப்பைப் பற்றிப் படிச்சனான்!"

(படித்ததெல்லாம் அணைக்கத்தான்.)

வண்டியின் நெற்றியில் மூன்று குறி திருநீறு, நடுவே சந்தனப் பொட்டு. முன்சில்லு இரண்டுக்கும் தேசிக்காய். எட்டாயிரம் லீட்டருக்கு ஒரு கற்பூரக்கட்டி காணுமா என்று பெட்டியில் பாதியைத் தட்டில் கொட்டிக் கொளுத்தி, ராஜியிடம் கொடுத்தேன். அவள் மூன்றாவது சுற்றுச் சுற்றும்போது கரும்புகை கூரையைத் தொட்டது. அலாரம் அலறியது. அதே நொடியில் என் இடுப்பில் பேஜரும் கத்தியது. பழக்கதோஷம்! உடுப்பு மாட்ட ஓடினேன். ஒரு காலைக் காற்சட்டைக்குள் விட்ட பிறகுதான் முகவரியை வாசித்தேன்.

"எங்கையப்பா நெருப்பு?" என்று கத்தினாள் ராஜி.

"உன்ரை கையிலை!"

அவள் தட்டை அப்படியே தண்ணீர் வாளிக்குள் போட்டாள். ஆனால் படை புறப்பட்டுவிட்டதே! தச்சர் பாதிச் சவரத்தோடு வந்தார். ஆசிரியை ஈரத்தலையோடு வந்தார். கடைசியாக எங்கள் தலைவர் ஆர்னே, ஆறரை அடி மனிதர், ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு வந்து திருநீற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆறு மாதம் ஒழுங்கா இருந்தனீ. நாலு நாள் பொறுக்க ஏலாமப் போச்சோ?" (நோர்வீஜிய மொழியில்தான் கேட்டார். என் நினைவில் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்.) "பேஜரைக் கழட்டித் தா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். பேஜரைக் கழற்றி நீட்டினேன். நீட்டிய கையிலேயே அது கத்தியது. எல்லாருடைய பேஜரும் கத்தியது. ஏரிக்கரைப் பண்ணையில் தீ. மாட்டுக் கொட்டிலுக்குள் முப்பத்திரண்டு மாடுகள்.

சாதாரணமாக எங்கள் ஆட்கள் வந்து கூடவே ஏழெட்டு நிமிடமாகும். அன்று எல்லோரும் ஏற்கெனவே கூடி நின்றார்கள்! ஆனால் தண்ணீர் வண்டியின் ஓட்டுநர் மட்டும் ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ஆர்னே பல்லைக் கடித்தார்.

"ஏறு!"

ஏறினேன். 'சளக்' என்று தேசிக்காய்கள் நசுங்கின. பக்கத்தில் இருந்த ஆர்னே துள்ளினார்.

"என்ன உடைஞ்சது?"

"ஒண்டுமில்லை. இனி வண்டி நல்லா ஓடும்."

ஓடியது! நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீ வைக்கோல் அறையை விட்டுக் கூரைக்கு ஏறத் தொடங்கியிருந்தது. எட்டாயிரம் லீட்டரும் அடித்தோம். முப்பத்திரண்டு மாடுகளும் உயிரோடு வெளியே வந்தன. பண்ணைக்காரி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். இன்னும் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் கூரை விழுந்திருக்கும் என்று ஆர்னே தன் வாயாலேயே சொன்னார். எனக்கு நெஞ்சு சட்டைக்குள் கொள்ளவில்லை.

திரும்பி வந்ததும் அவர் பொய் அலாரத்துக்கான அறிக்கையை எடுத்தார். காரணம்: சமையலா, சிகரெட்டா, மின்கோளாறா? எதுவுமே பொருந்தவில்லை. 'வேறு' என்பதற்கு நேரே 'வழிபாடு' என்று எழுதினார். பிறகு என்னுடைய நியமனத் தாளை இழுத்து, நான்கு நாள் முன்னதாகவே கையெழுத்துப் போட்டார்.

"இன்னும் நாலு நாள் விட்டா நீ என்னத்தைக் கொளுத்துவியோ தெரியாது."

போன வருடம் முதலுதவிக்குப் புது வண்டி வந்தபோது ஆர்னே எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. ராஜிக்குத்தான் எடுத்தார். பூசை வாசலுக்கு வெளியே, பனிக்குள் நடந்தது. ராஜி கற்பூரம் காட்ட, பதினான்கு பேரும் முழு உடுப்பில், தண்ணீர்க் குழாயை நீட்டிப் பிடித்தபடி பயபக்தியோடு நின்றார்கள். அந்தப் படம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் என் மகள் அதைக் காட்டி, "அப்பாவிலை அவ்வளவு நம்பிக்கை. எங்கட ஊர் சாமி கும்பிடுற முறை இதுதான்" என்கிறாள்.