முன்வரிசையில் தலையாட்டப் போன கதை

இரும்புலியூர்,
14-8-1993

மைத்துனன் கங்காதரனுக்கு பக்தவச்சலம் எழுதுவது. உன் அக்கா நாகலக்ஷ்மி நலம். என் நலம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். ஆசீர்வாதத்தைக் கடைசியில் யோசித்துச் சொல்கிறேன்.

உன் காலேஜில் குவாண்டம் செமினார், பெங்களூரிலிருந்து வருகிறவர் காலி நாற்காலியைப் பார்த்தால் உன் மானம் போய்விடும் என்று கெஞ்சினாய். ரிடையர்டு ரயில்வே கார்டுக்கு அங்கே என்ன வேலை என்றேன். "முன்னாடி உக்காந்து தலையாட்டுங்க, போதும். சமோசா உண்டு" என்றாய். வந்தேன், ஆட்டினேன். அந்த டாக்டர் அந்தோணிசாமி என் கோட்டையும் நரைத்த மீசையையும் பார்த்து, யாரோ பெரிய புரொபசர் என்று நினைத்து எனக்கு மட்டுமே பேசினார். ஒவ்வொரு வரி எழுதியதும் திரும்பிப் பார்ப்பார். நான் ஆட்டினால்தான் அடுத்த வரி. பூம்பூம் மாடுகூட நடுவில் மூச்சு வாங்கும். கழுத்து வலித்து ஜன்னல் பக்கம் திரும்பினால், வெளியே கூட்ஸ் வண்டி போகிறது, கார்டு கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறான்! முப்பத்திரண்டு வருஷம் கொடி பிடித்தவனுக்குப் பொறுக்குமா? 'ச்சூ' கொட்டி, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டேன்.

டாக்டர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்துவிட்டது. "எங்க சார் தப்பு?" என்றார். ஹாலே என்னைப் பார்க்கிறது, நீ மட்டும் மின்விசிறியைப் பார்க்கிறாய்! "மொதல்லேர்ந்து பாருங்க" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மனுஷன் போர்டை அழித்து மறுபடி போட்டு, முக்கால் மணி கழித்து நாலாவது வரியில் தப்பு என்று தானே கண்டுபிடித்து, என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். இரண்டு வருஷ உழைப்பாம். சமோசா ஆறி அட்டையாகிவிட்டது. அதோடு விட்டாயா? என் விலாசத்தையும் கொடுத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மீதிக் கணக்கோடு வீட்டுக்கே வருகிறாராம். உன் அக்கா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டு பியூலா டீச்சர் தன் பெண்ணுக்கு ப்ளஸ் டூ பிசிக்ஸ் சொல்லித்தரக் கேட்கிறார். ஒரு பொய் சொல்லாமல் வேலை பார்த்தவனை அறுபது வயதில் போலியாக்கிவிட்டாயே, வயிறு எரிகிறது. நீயே அவரிடம் உண்மையைச் சொல். இனி செமினார் என்று என் வாசற்படி ஏறாதே.

சரளாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு இல்லை.

பக்தவச்சலம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அவர் இன்றே வந்து நின்றார். மானம் போனால் போகட்டும் என்று கூட்ஸ் வண்டி உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம், "இதே கணக்க பதினாலு ஊர்ல போட்டுக் காட்டினேன் சார். எல்லாரும் தலையாட்டினாங்க" என்றார். உன் அக்காவிடம் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த செமினார் என்றைக்கு என்று உடனே எழுது. என் நாற்காலி அதே ஜன்னல் பக்கம் இருக்கட்டும்.