இடப்பக்கப் பெடல் படலம்

வாழ்க! மெழுகும் மாவும் அளைந்து மென்மையுற்ற கையோன் வாழ்க! பொக்கை வாய்ப் பெருமக்களுக்குப் பல்வரிசை அளித்து, குழறிய நாவுக்குச் சொல்லும், குழிந்த கன்னத்துக்குச் சதையும், கண்ணாடி பார்க்க அஞ்சியவர்களுக்குப் புன்னகையும் திருப்பித் தந்த பல்செட் வேந்தன் வாழ்க! கடல் கடந்த தேசத்தில் பல்செட் செய்யும் கூடம் ஒன்று அவனை வேலைக்கு அழைக்க, மனைவியோடு அன்று மாலையே விமானமேறவிருந்த அம்மாவீரன், நண்பகல் தாண்டிய நேரத்தில் தன் வீட்டுக் கூடத்தின் நடுவே ஒரு சைக்கிளோடு பொருது வீழ்ந்து எழுந்த கதையைக் கேளுங்கள்!

போர் முடிந்த களம்போலக் கிடந்தது வீடு. கட்டிலை அக்காள் கொண்டாள். பிரிட்ஜைச் சித்தப்பா கொண்டார். மிக்ஸியைக் கொண்டவர் இன்னார் என்று அறியுமுன்பே மிக்ஸி போயிற்று. "சும்மா மணி பாக்கத்தான் வந்தேன்" என்று இறங்கி வந்த மாடி வீட்டு அம்மாள், சுவர்க்கடிகாரத்தோடு மேலேறினாள். கேட்டவர்க்கெல்லாம் "எடுத்துக்கோங்க" என்னும் ஒற்றைச் சொல்லை வாரி இறைத்த வள்ளல் அவன். ஆனால் அவ்வள்ளலின் தலை ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அசைய மறுத்தது. கரும்பச்சை மேனியும், அவன் ஒருவனுடைய அமர்வுக்கே பணிந்து பள்ளம் விழுந்த இருக்கையும், தெருமுனையிலேயே முனகி அவன் வரவை வீட்டுக்கு அறிவிக்கும் சங்கிலியும் கொண்ட அந்தச் சைக்கிளே அது. ஊரை விட்டே போகிறவனுக்கு ஊரிலிருந்து ஒன்றாவது கூட வர வேண்டாமா? இதுதான் அவன் கேட்ட கேள்வி. வாய்விட்டுக் கேட்கவில்லை, நெஞ்சுக்குள் கேட்டான்.

அதே சைக்கிள் மீது வேறொரு கண்ணும் இருந்தது. மனைவியின் தம்பி! யார் எதைச் சொன்னாலும் "கரெக்ட்டு" என்று ஆமோதிப்பதால் 'கரெக்ட்டு' என்றே பட்டம் பெற்றவன். வழியனுப்ப வந்தவன் என்பது வெளிப்பேச்சு. வரும்போது பஸ்ஸில் வந்தவன், போகும்போது சைக்கிளில் போவதாகத் தன் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான் என்பது உள்விவகாரம்.

இருவருக்கும் நடுவே எழுந்து நின்று மனைவியாம் பேரரசி பிரகடனம் செய்தாள்:

"இங்க பாருங்க. டாக்ஸி வாசல்ல வந்து நிக்கிறதுக்குள்ள இது பெட்டிக்குள்ள போகணும். போகலையா, தம்பி ஓட்டிட்டுப் போகட்டும். இதக் கட்டிக்கிட்டு அழ எனக்கு நேரமில்ல."

"கரெக்ட்டு" என்றான் தம்பி.

விமானக் கம்பெனியின் விதியோ கல்மேல் எழுத்து. முன்சக்கரம் கழல வேண்டும்; ஹேண்டில்பார் பக்கவாட்டில் திரும்ப வேண்டும்; பெடல்கள் இரண்டும் நீங்க வேண்டும்; யாவும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடங்க வேண்டும். இல்லையேல் ஏற்றமாட்டார்கள். எழுந்தான் வீரன். எடுத்தான் ஸ்பானரை. முன்சக்கரம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தது. ஹேண்டில்பார் செருக்கழிந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டது. வலப்பக்கப் பெடல் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல் சரணடைந்தது. வெற்றி முரசு அவன் காதில் முழங்கத் தொடங்கிய அக்கணத்தில்தான், எதிரே நின்றது இடப்பக்கப் பெடல்!

அந்த மூவர் காதிலும் விழாமல், உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். சைக்கிளின் இடப்பக்கப் பெடலுக்குத் திருகு மரை தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும். உலகத்துத் திருகெல்லாம் எந்தப் பக்கம் சுற்றினால் கழலுமோ, அந்தப் பக்கம் சுற்றினால் அது இறுகும்; இறுக்குகிற பக்கம் சுற்றினால்தான் கழலும். இதை அறியாத நம் வீரன், அந்தோ, கழற்றக் கழற்ற இறுக்கினான்!

மதங்கொண்ட வேழத்தின் மத்தகத்தில் அங்குசம் பாய்ச்சும் பாகனென ஸ்பானரைப் பாய்ச்சி, பல்லைக் கடித்து, நெற்றி நரம்பு புடைக்க, தோள் துடிக்க, முழங்காலைச் சுவரில் ஊன்றி, மூச்சை அடிவயிற்றில் பூட்டி இழுத்தான், பெடல் அசையவில்லை. எண்ணெய் முழுக்காட்டினான், வழுக்கியது அவன் கைதான். கெட்டில் நிறையக் கொதிநீர் கொணர்ந்து ஊற்றினான். சிவந்தது அவன் கால்விரல்தான். மாடிக்கு ஓடி, உடைந்த துணிக்கொடிக் கம்பத்தின் இரும்புக் குழாயைக் கொணர்ந்து, ஸ்பானரின் வாலில் செருகி நீளம் கூட்டி, அதன்மேல் ஏறி நின்று, இரு கால்களாலும் குதித்தான். மலை பெயரும், கடல் வற்றும், அந்தப் பெடல் மட்டும் இன்னும் ஒரு நூல் இறுகி, "வா, பார்ப்போம்" என்று இருந்த இடத்திலேயே இருந்தது. என்ன செய்வான்? பொருத்தியே பழகிய கை அது. பிடுங்கி அறியாத கை.

"விடுங்க மாமா, கை புண்ணாயிடும்" என்றான் கரெக்ட்டு, சுவரில் சாய்ந்தபடி. "சில வண்டிக்கு ஊர விட்டுப் போக மனசு வராது."

"நீ கொஞ்சம் வாய மூடுறியா?"

"கரெக்ட்டு மாமா."

அப்போது ஒலித்தது பேரரசியின் கைப்பேசி! மறுமுனையில் டாக்ஸிக்காரர். "சந்து முனைக்கு வந்துட்டேங்க. வண்டி திரும்புமா?"

"திரும்பும், வாசலுக்கே வாங்க" என்றாள். பிறகு கணவனைப் பார்த்தாள். தீர்ப்பு அவள் வாயில் இருந்தது. ஆனால் எண்ணெயும் வியர்வையும் வழிய, ஒற்றைச் சக்கரத்துச் சைக்கிளைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த அந்த மனிதனைப் பார்த்ததும், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்பானர் தரையில் விழுந்தது. கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் வந்த அதே சொல், இம்முறை சைக்கிளை விட்டுக் கை எடுத்த பிறகே வந்தது.

"எடுத்துக்கோ மச்சான்."

வென்றான் கரெக்ட்டு! மணிமுடி சூடியவனாக முன்னே வந்தான். தனதாகிவிட்ட தேரைத் தலைமுதல் கால்வரை தடவினான். அவன் பார்வை இடப்பக்கப் பெடலில் வந்து நின்றது. நின்றதும் நெற்றி சுருங்கியது.

"இவ்ளோ நேரம் ஏறிக் குதிச்சிருக்கீங்களே மாமா, லூஸாயிருக்குமே? நடுரோட்டுல கழண்டு விழுந்தா பல்லு போயிரும். கட்டித் தரவும் நீங்க ஊர்ல இருக்கமாட்டீங்க."

சொல்லியபடியே ஸ்பானரை எடுத்தான். குழாயைச் செருகினான். பெடலை இறுக்குவதற்காக, உலகத்துத் திருகெல்லாம் எந்தப் பக்கம் இறுகுமோ அந்தப் பக்கமாக, தன் உடல் பலம் முழுவதையும் திரட்டி ஓர் அழுத்து அழுத்தினான்.

கடக்!

"நல்லா ஏறுது மாமா!" என்றான் உற்சாகமாக. சுற்றினான். இன்னும் சுற்றினான். சுற்றச் சுற்ற ஏறியது என்றே எண்ணினான். கடைசிச் சுற்றில் பெடல், பழுத்த கனி காம்பை விடுவதுபோல, அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"அக்கா..." என்றான் ஈனக்குரலில். "வந்துருச்சு."

"டாக்ஸியா?"

"பெடலு."

எழுந்தான் பாருங்கள் நம் வீரன்! இடி எழுந்தது, ஊழி எழுந்தது, உறங்கிய வேங்கை உதறி எழுந்தது! மச்சான் கையிலிருந்து பெடலைப் பறித்தான். சட்டகத்தைத் தூக்கினான். பேரரசியே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அட்டைப்பெட்டியை விரித்துப் பிடித்தாள். சக்கரம் சரிந்தது, சட்டகம் அமர்ந்தது, பழுப்பு டேப் வீறிட்டு அலறிப் பெட்டியின் வாயைப் பூட்டியது. அதே கணம் வாசலில் ஹாரன் ஒலித்தது! தோற்றவன் சும்மா இருந்தானா? இல்லை. டாக்ஸியின் தலைமேல் ஏறி, "மாமா, நீங்க கட்டினா அவுந்துரும், தள்ளுங்க" என்று தன் கையாலேயே கயிற்றை வரிந்து கட்டியவன் அவன்தான்.

விமான நிலையத்தில், பெரிய பெட்டிகளுக்கான வாயிலைக் காத்து நின்ற ஊழியர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன சார்?"

"சைக்கிள்."

"அங்க கிடைக்காதா?"

"கிடைக்கும். இது கிடைக்காது."

ஊழியர் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சீட்டை ஒட்டினார். ரப்பர்த் திரை விலகியது; பெட்டி உள்ளே ஊர்ந்து மறைந்தது. வீரனின் கண்கள் பனித்தன.

கடல்கள் பின்னே ஓடின. மேகங்கள் கீழே கிடந்தன. வாய்க்குள் நுழையாத பெயர் கொண்ட அம்மாநகரின் நான்காம் மாடியில், பிரிந்த உறுப்பெல்லாம் ஒன்றோடொன்று கூடி, கரும்பச்சை மேனி மீண்டும் நிமிர்ந்து நின்றது! வேலையில் சேரும் முதல் நாள் வைகறையில், பேரரசி துயில் கலையாதிருக்க, ஹெல்மெட்டை மணிமுடியெனத் தரித்து, தேரைத் தோளில் சுமந்து, நான்கு மாடிப் படியும் அதிர இறங்கி, புதிய தேசத்தைத் தன் இரு சக்கரங்களால் அளக்கத் துணிந்த வெற்றித் திருமகன், கோட்டைக் கதவைத் திறக்கும் சக்கரவர்த்தியென வாசற்கதவை விரியத் திறந்தான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது, அதனால் பஸ்ஸில் வேலைக்குப் போனான்.