பிலொமேனா வீட்டில் மிச்சம் வைக்கக் கூடாது

ஆறு தட்டு நிறையப் பாஸ்தா, மேலே ஆட்டுக்கறிச் சாறு, ஆவி பறக்கிறது. ஆறு விருந்தாளிகளில் ஒருத்தர் கையும் முள்கரண்டிப் பக்கம் போகவில்லை.

சவேரியோவுக்கு வியர்த்தது. வெளிநாட்டுக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், கலாப்ரியா மலையூர்களில் வீடு வீடாக ருசி காட்டுவது அவன் பிழைப்பு. ருசி என்பது பெயருக்குத்தான். காலையில் பாலாடைக்கட்டி செய்கிறவர் வீட்டில் ஒரு பந்தி, திராட்சைத் தோட்டத்தில் ஒன்று, ரொட்டி அடுப்படியில் இன்னொன்று. டென்மார்க்கிலிருந்து வந்த ஆறு பேரும் சிமெண்ட் மூட்டை ஏற்றின லாரி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வேறு வீடாக இருந்தால் சமாளித்துவிடலாம். இது பிலொமேனா வீடு. தட்டில் மிச்சம் வைத்தார்கள் என்று போன வருடம் வேறொரு கம்பெனிக்குக் கதவைச் சாத்தியவள், இன்னும் திறக்கவில்லை. "அந்த வீடு கைவிட்டுப் போச்சுன்னா நீயும் வர வேண்டாம்" என்று சொல்லித்தான் முதலாளி வேன் சாவியைக் கொடுத்திருந்தார்.

"ஏன்டா, என் கைப்பக்குவத்துல என்ன குறை?" கரண்டியோடு வந்து நின்றாள் பிலொமேனா.

"ஐயோ, குறையா? இவங்களுக்குக் கொஞ்சம் வயிறு சரியில்ல, அத்தை."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா, மூதேவி!"

ஓடினாள். எலுமிச்சை பிழிந்த குழைந்த சோறு ஆறு கிண்ணத்தில் வந்தது, பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு.

"பாஸ்தாவை எடுத்துடட்டுமா?" என்றார் அவள் புருஷன் கோசிமோ.

"எதுக்கு? வயிறு சரியானதும் சாப்பிடுவாங்கல்ல!"

உயரமான டென்மார்க்காரர் சவேரியோவின் காதருகே குனிந்தார். "இதுதானே கடைசி?"

"கடைசி மாதிரிதான்" என்றான் சவேரியோ. பிலொமேனா திரும்பிய நேரம் பார்த்து ஒரு தட்டை அவனே வழித்து விழுங்கினான். இரண்டாவது தட்டில் பாதிக்கு மேல் இறங்கவில்லை. பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினான்.

"முகம் நீலமா போகுதே, தம்பி" என்றார் கோசிமோ.

"அத்தை, விஷயம் என்னன்னா… இதுல ரெண்டு பேர் கறி தொட மாட்டாங்க."

"கறியா? எத்தனை நாளா இந்த வியாதி?" நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். கத்தரிக்காய் உருண்டை வந்தது, அடைத்த மிளகாய் வந்தது, பீன்ஸ் வந்தது. "சுத்தமா கறி இல்ல. பன்னிக் கொழுப்புல பொரிச்சிருக்கேன், அவ்வளவுதான்."

மேசையில் இப்போது கை ஊன்ற இடமில்லை. பிலொமேனா இடுப்பில் கை வைத்து எல்லார் முகத்தையும் பார்த்தாள். "போதும் சவேரியோ. என் சோறு இவங்களுக்குப் பிடிக்கல. கூட்டிட்டுப் போ."

போச்சு வேலை. அவன் கண் மேசைக் கோடிக்குப் போனது. தனியாக வந்திருந்த கிர்ஸ்டன் அம்மாள் அங்கே மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். வாய் தன்பாட்டுக்கு ஒரு பொய்யை உளறிவிட்டது.

"அந்தம்மா புருஷன் செத்துட்டாரு அத்தை. அதான் யாருக்கும் சோறு இறங்கல."

பிலொமேனாவின் கரண்டி கீழே விழுந்தது. எல்லாத் தட்டுகளையும் எடுத்தாள். அடுப்பை அணைத்தாள். "துக்க வீட்டுல உலை வைக்கக் கூடாது" என்றாள், கண்ணைத் துடைத்தபடி.

காலியான மேசையைப் பார்த்து சவேரியோவுக்கு மூச்சு வந்தது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்!

பிலொமேனா மாடி முகப்புக்குப் போய்த் தெருவைப் பார்த்துக் கத்தினாள். "ஏ பொண்ணுங்களா! நம்ம வீட்டுல ஒரு துக்கம்டீ!"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துக்க வீட்டில் உலை வைக்காவிட்டால் சோறு எங்கிருந்து வரும்? தெருவிலிருந்து வரும்.

வந்தது. கறுப்பு முக்காடுகள் படியேறின. ஒவ்வொரு கையிலும் துணி மூடிய பாத்திரம். கோழி ரசம், மீன், சுட்ட பாஸ்தா, முட்டை அடை. "பாவம், இவ்வளவு தூரம் வந்த இடத்துலயா!" என்று கிர்ஸ்டனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மற்ற ஐந்து பேரும் செத்தவருக்குச் சொந்தம் என்று அவர்கள் வாயிலும் கரண்டி போனது. உயரமானவர் அழுதே விட்டார்; துக்கத்தில் அல்ல.

"ஒரு வாய், கண்ணு. அவருக்காக ஒரே ஒரு வாய்" என்று பிலொமேனா கிர்ஸ்டனின் கல்யாண மோதிரத்தைத் தொட்டு, வானத்தைக் காட்டி ஊட்டினாள். பாஷை புரியாத கிர்ஸ்டன் வாயைத் திறந்தாள். மென்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

சவேரியோவுக்கு உயிரே போனது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, அவள் நாற்காலியருகே மண்டி போட்டான். "மன்னிச்சிடுங்கம்மா, எல்லாம் என் தப்பு. கஷ்டப்பட்டுச் சாப்பிடாதீங்க, நான் பேசி நிறுத்திடறேன்."

கிர்ஸ்டன் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்களுக்கு யாரு சொன்னா, சவேரியோ? போன குளிர்காலத்துல என் ஹென்ரிக் செத்தப்போ, எங்க தெருவுல ஒருத்தர்கூட வந்து கதவைத் தட்டலை."