மைக் முன்னால் சில திருத்தங்கள்

ஞாயிறு மாலை ஏழே காலுக்கு, பேச்சிராஜா மைக்கைப் பிடித்த நேரத்தில், அவனுடைய வீட்டுக்காரர் பாருக்குள் நுழைந்தார்.

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து பார் அது. கீழே குடிப்பவர்கள். மாடியில் ஏசி போட்ட ஃபேமிலி ரூம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாடியை எழுத்தாளர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். எல்லோரும் பதிப்பாளர் கிடைக்காத எழுத்தாளர்கள். வந்து கேட்பவர்கள் ஏதாவது வாங்கிச் சாப்பிட வேண்டும். வேறு நிபந்தனை இல்லை.

வீட்டுக்காரர் சந்திரமௌலி தனியாக வரவில்லை. ஒரு மாமியும் ஒரு மாமாவும் கூட வந்தார்கள். மூவரும் மைக்குக்கு நேர் எதிரே இருந்த மேசையில் உட்கார்ந்து லைம் சோடா சொன்னார்கள்.

பேச்சிராஜா கொண்டுவந்திருந்த கதையின் தலைப்பு 'ஓனர்'. அதில் ஒரு பாலக்காட்டு மாமா வருகிறார். வாடகைக்கு விட்ட ஃப்ளாட்டுக்குப் பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கிறார். குடியிருப்பவன் வீட்டுக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணித் தெரிந்துகொள்கிறார். கருவாடு வறுத்தால், கொளுத்திய ஊதுபத்தியோடு வாசலில் வந்து நிற்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. நிற்கிறார்.

கதையில் கற்பனை மிகக் குறைவு.

வீட்டு அக்ரிமென்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றிக் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார் சந்திரமௌலி. மகளுக்கு எதிர்த் தெருப் பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. வீடு போனால் மறுபடியும் தாராவி, அண்ணன் வீட்டு மாடி.

கலைச்செல்வி தண்ணீர் பாட்டிலைக் கொடுப்பதுபோல் கணவனிடம் வந்தாள்.

"இவரு எப்படி இங்க வந்தாரு?"

"ஸ்டேட்டஸ்ல போஸ்டர் போட்டம்லா."

"அவருக்குத் தெரியாம போட வேண்டியதுதான?"

"ஒங்கப்பாவுக்குத் தெரியாம போட்டேன். என் மேனேஜருக்குத் தெரியாம போட்டேன். இவரு பாருக்கு வருவாருன்னு யாரு கண்டா?"

"வேற கத வாசிங்க."

"வேற கொண்டாரல. டென்ஷன் எடுக்காத. வாசிக்கும்போதே மாத்திருதேன்."

"அது முடியுமா?"

"எழுதுனது நாந்தான?"

அவனுக்குத் தன் எழுத்தின் மேல் நம்பிக்கை உண்டு. அன்று அதற்கு முதல் பத்தி வரை குறையொன்றும் வரவில்லை.

முதல் பத்தியில் கட்டடத்தின் லிஃப்ட் மட்டும்தான் இருந்தது. சந்திரமௌலி மாமியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு மைக்கின் பக்கம் கைகாட்டினார். மாமா செல்போனை உயர்த்தி ரெக்கார்ட் போட்டார்.

சாட்சி சேர்க்கிறார்கள் என்று பேச்சிராஜா புரிந்துகொண்டான்.

இரண்டாம் பத்தியில் பாலக்காட்டு மாமா வந்தார். பேச்சிராஜா தாளைப் பார்த்தபடியே மாற்றினான். "வீட்டு ஓனர் உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருப்பவர்" என்று வாசித்தான். உல்லாஸ்நகர் தூரத்தில் இருந்தது. அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது.

செல்போன் கீழே இறங்கியது.

"யாரு, நானா?" என்றார் மாமா. அவருக்கு மைக் தேவைப்படாத குரல்.

"பொறுங்கோ அத்திம்பேர்," என்றார் சந்திரமௌலி.

"உல்லாஸ்நகர்ல ரெண்டாவது கடை இப்பத்தான் தொறந்திருக்கேன். அதுக்குள்ள கதையா?"

சந்திரமௌலியின் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. பேச்சிராஜா அதைப் பார்த்தான். சிக்கலில்லை. எழுதியவனால் முடியாதது எது?

"கடையும் வீடும் அவர் பெயரில் இருந்தன. ஆனால் உண்மையான ஓனர் அவர் மனைவி," என்று தொடர்ந்தான்.

"அது வாஸ்தவம்," என்றார் அத்திம்பேர்.

மாமி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனைவி எதிரிலேயே உட்கார்ந்திருப்பது பேச்சிராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

"அந்த அம்மாள் உத்தமி. வாடகையை ஏற்றியதே இல்லை. காலி செய்து போகிறவர்களுக்கு டெபாசிட்டை முழுசாகத் திருப்பித் தருவாள். பெயின்ட் செலவு என்று எதையும் பிடிக்க மாட்டாள்."

மாடி முழுக்கச் சிரித்தது. பின் மேசையில் ஒருவருக்குப் பீர் புரையேறியது. தட்டோடு நின்ற வெயிட்டர் காலித்துக்கு யாரோ இந்தியில் சொன்னார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்காரர்களைப் பற்றி இத்தனை கொடூரமான கிண்டலை அவர்கள் கேட்டதில்லை.

சந்திரமௌலி சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, எதையோ தேடுவதுபோல் பேச்சிராஜாவின் வாயையே பார்த்தார். சுருக்கங்கள் கூடியிருந்தன.

கலைச்செல்வி கையைத் தாழ்த்தி, நிறுத்து என்று சைகை செய்தாள். நிறுத்தலாம். ஆனால் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். பாதியில் இறங்குகிறவன் எழுத்தாளன் இல்லை.

"விசாரித்ததில் ஒன்று தெரிந்தது," என்று வாசித்தான். தாளில் அப்படி எதுவும் இல்லை. "அந்த வீட்டுக்கு ஓனர் என்று யாருமே இல்லை. எப்போதும் இருந்ததில்லை. நன்றி."

கைதட்டல். நிகழ்ச்சியை நடத்தும் மாட்டுங்கா ஷ்யாமளா எழுந்து நின்று தட்டினாள்.

"ஓனரே இல்லாத பம்பாய். என்ன கற்பனை. அடுத்த தடவை நீங்கதான் கடைசியா வாசிக்கறேள், பேச்சிராஜா. எல்லாரும் உங்களுக்காகக் காத்திண்டிருக்கணும்."

சந்திரமௌலி எழுந்தார். லைம் சோடாவைப் பாதியில் விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அத்திம்பேர் பின்னாலேயே போனார்.

"ஆச்சு," என்றாள் கலைச்செல்வி. "ஒங்க அண்ணன்ட்ட டெம்போ கேளுங்க."

"எதுக்கு? அவரப் பத்தி ஒரு வார்த்த சொன்னனா? அவரு மேல காத்துகூடப் படல."

"படாமலே இப்படிப் போறாரு. பட்டிருந்தா?"

"நாளைக்கு நான் பேசுதேன். அவருக்குப் புரியும்."

மாமி போகவில்லை. ஹேண்ட்பேக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக அவனிடம் வந்து நின்றாள்.

"ஏன்பா, நீ ஆத்துல வாசிச்சுப் பார்த்ததையெல்லாம் மௌலி தெனம் சுவத்துல காதை வெச்சுண்டு கேட்டிருக்கான். 'அக்கா, என்னை வெச்சு ஒருத்தன் கதை எழுதியிருக்கான், வந்து கேளு'ன்னு எங்களை அத்தனை தூரத்துலேர்ந்து வரவழைச்சான். அவன் வர்ற இடத்தை மட்டும் ஏன் எடுத்துட்டே?"