ஒரு மேசைக்கரண்டி சோடா

பதினோரு நாவல்களில் பதினான்கு பேரைக் கொன்றிருக்கிறேன். அத்தனை பேரும் கேக்காலோ பன்னாலோ செத்தவர்கள். ஒரு கொலைக்காகவும் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. நான் நிஜமாகச் செய்த குற்றம் ஒன்றுதான். பலமனேரில், ஒரு வீட்டு ஹாலில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு செய்தேன்.

என் நாவல்களில் சித்தூரில் பேக்கரி நடத்தும் ஓர் அத்தை துப்பறிவாள். கடைசிப் பக்கத்தில் கதையில் வந்த கேக்கின் செய்முறை இருக்கும். (கொலைகாரன் யார் என்பதை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.)

திருப்பதியில் வேலை பார்க்கும் என் மகள் தேன்மொழிக்கு பலமனேரில் ஒரு வரன் வந்தது. இருவருக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்க அவளையும் அழைத்துக்கொண்டு நானும் கணவரும் போனோம். பையனின் அம்மா சரோஜா என் வாசகி என்று தெரிந்ததும், பாதிக் கல்யாணம் முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

"உங்க புக்கு பார்த்துதான் பண்ணேன். மாம்பழ கேக். துன்னுங்க," என்று தட்டை நீட்டினார்.

வாயில் வைத்தேன். சோப்பைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு தீர்த்தம் போல விழுங்கினார்.

"மூணு வாட்டி பண்ணிட்டேங்க. இப்படியேதான் கசக்குது. என் கையிலதான் ஏதோ கோளாறு."

"முப்பது வருஷமா நானும் அதைத்தான் சொல்லிக்கினு இருக்கேன்," என்றார் அவர் கணவர், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

சரோஜா புத்தகத்தை என் முன் விரித்தார். 'பேக்கிங் சோடா – 1 மே.க.' என்றிருந்தது. தேக்கரண்டி மேசைக்கரண்டியாகியிருந்தது. ஒரே ஓர் எழுத்துதான், ஆனால் சோடா மூன்று மடங்கு.

நல்ல மனுஷியாக இருந்தால் அங்கேயே ஒப்புக்கொண்டிருப்பாள். நானோ பெண்ணைப் பெற்றவள். ஒரு கரண்டியைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவளின் மகளை யார் எடுப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டது.

"உங்க ஓவன்ல சூடு ஜாஸ்தியா இருக்கும்ங்க," என்றேன். அதோடு நிறுத்தினேனா? "பலமனேர் மேட்டு ஊர் இல்லையா, காத்து வேற," என்றும் சேர்த்துக்கொண்டேன். (எழுத்தாளருக்குப் பொய்யை முடிக்கத் தெரியாது.)

"அம்மா, இது தேக்கரண்டிம்மா," என்றாள் தேன்மொழி. நான் அவள் காலை மிதித்தேன். அவள் நிறுத்தவில்லை. "ஆன்ட்டி, உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. எங்கம்மா புக்குலதான் தப்பு." (மிதிபட்டது என் கணவரின் கால் என்பது காரில்தான் தெரிந்தது.)

சரோஜா உள்ளே போய் என் பழைய நாவல்கள் நான்கைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் 'சோடா – 1 தே.க.' பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தது.

"முதல் கேக்குலயே கண்டுபிடிச்சிட்டேன். உங்க கதையில வர்ற அத்தை குடுத்த புத்திதான். இன்னிக்கு வேணும்னேதான் அப்படிப் பண்ணேன். யாரு உண்மையச் சொல்றீங்கன்னு பார்க்கணும்னு."

பேப்பர் இறங்கியது. "அப்போ ரெண்டாவது கேக்கு எனக்கு எதுக்குக் குடுத்தே?"

"நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்க்கத்தான்."

நான் தரையின் டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன். மகளின் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்தாயிற்று.

"பொண்ணு பாஸ்," என்றார் சரோஜா. "கசக்குதுன்னா கசக்குதுன்னு சொல்ற மருமகதான் எனக்கு வேணும். நீங்கதான் ஃபெயில், வதினா."

வதினா என்றால் தெலுங்கில் அண்ணி. எங்கள் பக்கம் சம்பந்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சரோஜா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து முதுகைத் தடவினார். "சோடா ஜாஸ்தியானதுக்கு யாராச்சும் அழுவாங்களா, சொல்லுங்க."

கல்யாணம் நடந்து மூன்று வருஷமாகிறது. போன வாரம் என் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார். மிஷினில் கோளாறு இருக்கும் என்றேன். துணைக்கு வந்திருந்த மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஓவன் சூடா, அத்தை?"