இரைச்சலுக்கு ஒரு தணிக்கை

அன்பு மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதுவது.

இங்கே என் முதுகைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் கேமராக் கடையும், முதுகு உட்பட, சுகமாக இருக்க வேண்டுகிறேன். நீ அனுப்பிய முதுகுவலி பெல்ட் வந்து சேர்ந்தது. சட்டைக்குள் கட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினால் இடுப்பைச் சுற்றித் துடித்துத் துடித்து வேலை செய்கிறது. அதைக் கட்டிக்கொண்டால்தான் கொஞ்ச நேரமாவது நிற்க முடிகிறது. பெல்ட் விஷயத்தில் உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கடிதம் கேமரா விஷயமாக.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் உன் அக்கா எப்படி ஆகிவிட்டாள் என்று உனக்குத் தெரியும். கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் பால்காரரைப் பிடித்து நிறுத்திப் பின்னம் பேசினாள். அவர் இப்போதெல்லாம் பாலை வைத்துவிட்டு மணியடிக்காமல் ஓடிவிடுகிறார். இந்த நிலையில், இணையத்தில் வகுப்பு நடத்துகிற ஒரு நிறுவனம், மாதிரிப் பாடம் ஒன்றைப் படம்பிடித்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னது. குரல் மட்டும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை. அன்றிலிருந்து அவள் முகத்தில் ஒரு களை. நீ அனுப்பிய கேமராவும் வயரில்லா மைக்கும் அந்தக் களையைத்தான் கெடுத்துக்கொண்டிருக்கின்றன.

முதல் நாள் அவள் கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்றாள், நான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கேமரா பின்னால் நின்றேன், முக்கோணத்தைப் பற்றி அருமையாகப் பேசி முடித்தாள், போட்டுப் பார்த்தால் அவள் குரலுக்கு மேலே ‘ர்ர்ர் டக், ர்ர்ர் டக்’ என்று ஓர் இரைச்சல், படத்தில் கோடு கோடாக அலை, முக்கோணம் நெளிகிறது. உன் கடை மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “சார், அது ரேடியோ அலை. பக்கத்துல ஓடுற ஏதோ ஒண்ணு மைக்ல கலக்குது. ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க, மாட்டிக்கும்” என்றார். காலமெல்லாம் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்தவனிடம் ஒவ்வொன்றாகப் பார் என்று சொன்னால் விடுவேனா?

ஃப்ரிட்ஜை அணைத்தேன், ஐஸ் உருகிக் கூடம் வரை தண்ணீர் வந்தது, இரைச்சல் போகவில்லை. டியூப்லைட்டை அணைத்தேன், “பாடம் எடுக்கறோமா, பேய்ப்படம் எடுக்கறோமா?” என்றாள் உன் அக்கா. மின்விசிறியை அணைத்தேன், அவள் கையில் சாக்பீஸ் வேர்வையில் ஊறிவிட்டது. மெக்கானிக் சொன்னார் என்று கேமரா வயரில் அலையைத் தடுக்கும் ஒரு கறுப்பு வளையம் மாட்டினேன், சமையலறை அலுமினியத் தாளை எடுத்து வயரெல்லாம் சுற்றினேன், மதியம் உணவைப் பொதிந்து வைக்கத் தாள் இல்லை என்று அதற்கு ஒரு பாட்டு வாங்கினேன். கைபேசிகளை இரும்பு டப்பாவில் போட்டு மூடிப் பரண்மேல் வைத்தேன், அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டிருக்கிறாள், இருவருமே எடுக்கவில்லை என்று பதறிப்போய்த் தன் மாமனாரை அனுப்பிவிட்டாள். அவர் மூச்சு வாங்க வந்து கதவைத் தள்ளினால், ஜன்னலெல்லாம் சாத்திய இருட்டில் சம்பந்தியம்மாள் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருக்கிறாள், சம்பந்தி தாள் சுற்றிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகப் போய்விட்டார். மகளிடம் என்ன சொன்னாரோ தெரியாது, அவள் இப்போது தினமும் இரண்டு வேளை கூப்பிடுகிறாள்.

கடைசியாக மெயின் சுவிட்சையே அணைத்தேன். வீடு செத்துக் கிடக்கிறது, கேமரா மட்டும் பேட்டரியில் ஓடுகிறது, அப்போதும் ‘ர்ர்ர் டக்’. ஆக, குற்றவாளி வீட்டுக்குள் இல்லை என்று முடிவு கட்டினேன். வெளியே யார்? நம் மாடிக்காரர்தான். மொட்டைமாடியில் கம்பி நட்டுவைத்துக்கொண்டு கண்காணாத மனிதர்களோடெல்லாம் ரேடியோவில் பேசுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஆனாலும் ஆதாரமில்லாமல் நான் யார்மீதும் பழி போடுகிறவன் இல்லை. கேமராவை ஓடவிட்டு, உன் அக்காவைப் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, மாடியேறிக் கதவைத் தட்டிவிட்டு வந்தேன். போட்டுப் பார்த்தால், நான் வாசலைத் தாண்டியதும் இரைச்சல் தேய்கிறது, படியேறியதும் சுத்தமாக நின்றுவிடுகிறது, நான் திரும்பி வந்ததும் பழையபடி ஆரம்பம். திரும்பத் திரும்பச் செய்தேன், ஒவ்வொரு தடவையும் அதேதான். என் காலடி கேட்டதும் அணைக்கிறார், நான் இறங்கியதும் போடுகிறார். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும், நீயே சொல்.

நேற்று நேருக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று போனேன். “உள்ள வாங்க சார்” என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். நான் அவர் மேஜை பக்கத்தில் போய் நின்றதும் அவருடைய ரேடியோப் பெட்டியே ‘ர்ர்ர் டக்’ என்றது. அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“என்ன சார் இது? காலையிலேர்ந்து சுத்தமா இருந்துது. நீங்க வந்து நின்னதும்தான் இரையுது.”

“அப்போ நான்தான் இரையறேங்கறீங்களா?”

“அப்படிச் சொல்லல சார். பையில ஏதாவது வச்சிருக்கீங்களா?”

பையைத் திருப்பிக் காட்டினேன். கைக்குட்டையும் கண்ணாடிக் கூடும்தான். “சத்தம் உங்க பெட்டியிலதான் வருது. என் காதால கேட்டாச்சு. இனிமே பேச்சில்ல” என்று சொல்லிவிட்டு இறங்கி, குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போய் முறையிட்டுவிட்டேன். அதிலிருந்து மாடிவீட்டு அம்மாள் உன் அக்காவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இன்று காலையும் அதே கதை. உன் அக்கா மைக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “விடுங்க. இந்த வயசுல இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் இருந்த முக்கோணத்தை அழித்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழித்த விதத்தைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை மச்சான்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு அலுத்துவிட்டது. ஆகையால் இந்தக் கேமராவையும் மைக்கையும் திரும்ப எடுத்துக்கொள். மாடிக்காரரின் அலை நுழையாத வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு, ராத்திரி பஸ்ஸில் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதத்தைக் காலையில் பார்த்ததும் நீயே புறப்பட்டு வா. பெரியவர்களுக்கு என் வணக்கம், உன் பிள்ளைகளுக்கு என் ஆசி, அவர்களாவது கேமராத் தொழிலுக்கு வராமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியிழந்த உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. உட்கார்ந்து எழுதுவதற்கு எதற்கு என்று பெல்ட்டைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டிருந்தேன். நான் உள்ளறையில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் உன் அக்கா, மனசு கேட்காமல், தனியாகவே கேமராவை ஓடவிட்டுப் பாடத்தை எடுத்து முடித்திருக்கிறாள். இரைச்சல் துளிகூட இல்லை. மாடிக்காரர் திருந்திவிட்டார், போய் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். காதில் ஹெட்போனோடு கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சட்டையத் தூக்குங்க” என்றாள்.

பெல்ட்டின் பட்டனை அமுக்கினாள், இரைச்சல் நின்றது. மறுபடி அமுக்கினாள், வந்தது. அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் அணைத்தவன் என்னை மட்டும் அணைத்துப் பார்க்கவில்லை. மாடிக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், பெல்ட் நீ அனுப்பியது என்பதையும் சேர்த்து. அவர் உன்னிடம் பேச வேண்டுமாம்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கேமரா இங்கேயே இருக்கட்டும், பெல்ட்டைத்தான் திருப்பி அனுப்புகிறேன். எடுத்த பாடத்தை அப்படியே அனுப்பிவிடலாம் என்றேன். உன் அக்கா கேட்கவில்லை. போட்டுக் காட்டினாள். குரல் கணீரென்று இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் அவள் கண் கேமராவுக்கு மேலே போய் எதையோ தேடிவிட்டு வருகிறது. நான் அங்கே நின்று தலையாட்டுவது வழக்கம். “தலையாட்ட ஆளில்லாம பாடமே ஓடல. பெல்ட்ட விட்டுட்டு வந்து நில்லுங்க” என்கிறாள். முதுகு இப்போதே தெறிக்கிறது. முக்கோணத்தை மறுபடி போட்டுவிட்டாள், கூப்பிடுகிறாள், நான் போய் நிற்கிறேன்.