சாக்கடை மூடிக்கு மெத்தை போட்டவள்

படிக்காதவர்கள் தப்புச் செய்தால் அது தப்போடு போய்விடும். படித்தவர்கள் முதலில் காரணத்தைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு தப்பைச் செய்வார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். உதாரணத்துக்கு வேறு ஆள் கிடையாது.

டிப்ளமோ சிவில் முடித்து, விருத்தாசலத்தில் பாதாளச் சாக்கடை வேலை எடுத்திருந்த ஒரு ஒப்பந்தக்காரரிடம் நான் சேர்ந்திருந்த புதிது. மஞ்சள் ஹெல்மெட் ஒன்று கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கழற்ற மாட்டேன். அம்மா கேட்டால், “தலைக்குப் பழகணும்” என்பேன். (தலைக்கு ஏறிவிட்டது என்பதை அம்மா நாகரிகமாகச் சொல்லாமல் விட்டாள்.)

எங்கள் தெருவைத் தோண்டியதும் நாங்கள்தான். குழாய் பதித்துத் தொட்டிகளும் கட்டியாகிவிட்டது. தொட்டிகளின் மேல் போட வேண்டிய வார்ப்பிரும்பு மூடிகள் மட்டும் வரவில்லை. அவை வடக்கே எங்கோ வார்க்கப்பட்டு, கப்பலேறி, சென்னைத் துறைமுகத்துக்கு வந்துகொண்டே இருந்தன. எங்கள் வீட்டு வாசலுக்கு நேராக ஒரு குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைத் தாண்டிப் போக ஒரு பலகை போட்டிருந்தோம்.

இதற்கு நடுவில்தான் மலர் அக்காவைப் பெண் பார்க்கக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தார்கள். குழி வரைக்கும்தான் வந்தார்கள். பலகை மேல் நடக்க மாப்பிள்ளையின் அம்மாவுடைய முழங்கால் சம்மதிக்கவில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். பிறகு தரகர் போன் செய்தார்.

“வெள்ளிக்கெழம சாயங்காலம் மறுபடி வரோம்னு சொல்றாங்க. பள்ளம் மூடியிருந்தா பொண்ணு பாக்குறது, இல்லன்னா வேற எடம் பாக்குறதுன்னு முடிவா இருக்காங்க.”

அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று, பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதப் போனவள். நான் படித்த படிப்பெல்லாம் அவள் எழுதிய கண்கள்தான். மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்துவிட்டு, அவள் முதல்முறையாக “பரவால்ல” என்று சொல்லியிருந்தாள். எங்கள் அக்கா வாயில் பரவாயில்லை என்றால் மற்றவர்கள் வாயில் மேளதாளம் என்று அர்த்தம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள மூடி வந்துடும். நானே போயி ஏத்திக்கிட்டு வரேன்” என்றேன், ஹெல்மெட்டோடு. அக்கா தன் பச்சைப் புடவையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

எங்கள் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் பீங்கான் கம்பெனியில் சாமான் கட்டுகிறவர். கழிப்பறைக் கோப்பை முதல் கைகழுவும் தொட்டி வரை வைக்கோல் வைத்துக் கட்டி லாரியில் ஏற்றுவது அவர் வேலை. அதனால் ஒரு பொருள் வண்டியில் ஏறினால் அதன் அடியில் வைக்கோல் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கிரைண்டர் வாங்கி வந்த அன்று ஆட்டோவில் வைக்கோலுக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை. நடந்து வந்தேன்.

அப்பாவின் கம்பெனிச் சாமானை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும் லாரிதான் திரும்பி வரும்போது மூடிகளை ஏற்றி வருவதாக ஏற்பாடு. ஓட்டுநர் மாணிக்கம் அண்ணன், திட்டக்குடிக்காரர், அப்பாவுக்குப் பழக்கமானவர். நான் முதல் நாளே சென்னைக்குப் போய் ஒரு தோழியின் அறையில் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை விடிந்ததும் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த கிடங்கில் போய் நின்றேன்.

லாரியின் தரை முழுக்கப் பீங்கான் சாமானை இறக்கிய மிச்ச வைக்கோல் கிடந்தது. சுமை ஏற்றும் மேஸ்திரி அதைத் தள்ளிவிட ஆள் ஏறச் சொன்னார்.

“தள்ளாதீங்க. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல வைக்கோல் போட்டுத்தான் ஏத்தணும்” என்றேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். “இன்னாம்மா, இது மேல பஸ்ஸே போவும். இதுக்குப் போயி மெத்த போடச் சொல்றியே?”

“வார்ப்பிரும்பு அழுத்தத்தத் தாங்கும், அடியத் தாங்காது. நொறுங்கும் தன்மை உடையது. பாடத்துலயே இருக்குது.”

“தலையணயும் வச்சிரலாமா?”

மாணிக்கம் அண்ணன் இடையில் வந்தார். “பாப்பா, கயிறு நிக்காது பாப்பா.” அத்தனை பேர் முன்னால் அவர் என்னைப் பாப்பா என்றது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே வைக்கோலில் உறுதியாக நின்றேன். போதாக்குறைக்கு அப்பாவின் போன்.

“வைக்கோல் போட்டியாம்மா?”

“போடுறேன்ப்பா.”

“தாராளமா போடு. இரும்போ பீங்கானோ, வண்டிக்கு என்ன தெரியும்?”

இரண்டு தலைமுறை அறிவும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்ட பிறகு பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? ஏற்றினார்கள். முடிந்தபோது லாரி, எண்ணெய் காணாத தலைபோல நாலாபக்கமும் வைக்கோலை நீட்டிக்கொண்டு நின்றது. மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மாணிக்கம் அண்ணன் சொன்னதுபோலவே ஆயிற்று. லாரி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் இரும்பின் கனத்தில் வைக்கோல் அமுங்கியது. வைக்கோல் அமுங்கினால் கயிறு தொளதொளத்தது. கயிறு தளர்ந்தால் மூடிகள் ஒன்றோடொன்று ‘டங்’ என்று பேசிக்கொண்டன. திண்டிவனத்தில் நிறுத்திக் கட்டினோம். விழுப்புரம் தாண்டி நிறுத்திக் கட்டினோம். உளுந்தூர்பேட்டையில் நேராக விருத்தாசலம் சாலையில் திரும்பியிருக்க வேண்டும். அண்ணன் திரும்பவில்லை.

“எங்க போறீங்க?”

“வேப்பூருக்கு. அங்க சாப்ட்டாத்தான் சாப்ட்ட மாதிரி இருக்கும். சுத்து ஒண்ணும் பெருசில்ல பாப்பா. காலையிலேருந்து மெத்தைக்குக் கயிறு கட்டிக்கிட்டே இருக்கேன், பசிக்குது.”

வேப்பூரில் இறங்கிச் சாப்பிட்டோம். (பிரியாணி நன்றாக இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.) சாப்பிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் கயிறு தளர்ந்திருந்தது. தார்ப்பாயைப் பிரித்துக் கயிற்றை இறுக்கிய அண்ணன், “இன்னும் கொஞ்ச தூரந்தான், ஊரு வந்துடுச்சு” என்று தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டார். நானும் சரி என்றேன். வீட்டில் இந்நேரம் சொஜ்ஜி கிளறியிருப்பார்கள் என்பதைத் தவிர என் தலையில் வேறு எதுவும் இல்லை.

எங்கள் பகுதியில் கறவை மாடு வைத்திருக்கிறவர்கள் அதிகம். அது கோடைக்காலம். புல் என்பதை மாடுகள் மறந்துபோயிருந்த நேரம். தோண்டிக் கிடந்த தெருவில் லாரி ஆடி அசைந்து நுழைய, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கொத்து வைக்கோல் உதிர்ந்தது. முதலில் ஒரு மாடுதான் வந்தது. அப்புறம் அது எப்படிச் சொல்லி அனுப்பியதோ தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் ஊர்வலம். வாசலில் லாரி நின்றபோது கறுப்பும் செவலையுமாக எங்களைச் சுற்றி நின்றன. கட்டுக்கு நடுவிலிருந்து வைக்கோலை உருவி உருவித் தின்றன. மூடிகளை இறக்கக் காத்திருந்த ஜேசிபி ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டார்.

“மாட்டு மேல பட்டா யாரு பதில் சொல்றது? வெரட்டி விடுங்க, இறக்குறேன்.”

நான் லாரி மேல் ஏறி நின்று, ஹெல்மெட்டைக் கையில் பிடித்து ஆட்டி, “ஹேய்! போ! போ!” என்று கத்தினேன். மாடுகள் அதைத் தீவனக் கூடை என்று நினைத்து இன்னும் நெருங்கி வந்தன. அந்த நெரிசலில் ஒரு கன்றுக்குட்டி பின்வாங்கிப் பின்வாங்கி, பலகையில் கால் வைத்து, வழுக்கி, எங்கள் வாசல் குழிக்குள் விழுந்தது. தாய்ப்பசு கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது.

வேனிலிருந்து இறங்கிய அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். முடியெல்லாம் வைக்கோலும், முகமெல்லாம் புழுதியுமாக லாரி மேல் நின்று கூச்சல் போடும் என்னைப் பார்த்தார்.

“இதுவா பொண்ணு?”

“இல்லைங்க, இல்லைங்க” என்று அப்பா ஓடிவந்தார். “இது சின்னதுங்க. இஞ்சினியரு. பொண்ணு உள்ள இருக்குதுங்க.”

அந்த நிலைமையிலும் அப்பா ‘இஞ்சினியரு’ என்பதைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னார்.

அதற்குள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். போட்டோவில் பார்த்த அதே முகம். குழிக்குள் எட்டிப் பார்த்தார். குழாய் கசிந்து உள்ளே முழங்கால் ஆழச் சேறு இருந்தது. கைக்கடிகாரத்தையும் போனையும் என்னிடம் நீட்டி, “இதப் புடிங்க” என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் குதித்தார்.

“ஏய், இரு இரு. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லடா.”

அவர் தூக்கிவிட்ட கன்று வெளியே வந்தபோது சேறு முழுவதையும் அவர் மேல் உதறிவிட்டு வந்தது. பிறகு அவரே ஏறி வந்து, நாக்கால் என்னவோ ஒரு சத்தம் செய்தார். நான் தொண்டை கிழியக் கத்தியும் நகராத மாடுகள் அந்தச் சத்தத்துக்கு ஒழுங்காகத் தெருமுனைக்கு நடந்தன. அவருடைய அம்மா அதற்குள் கீழே கிடந்த வைக்கோலை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, இரும்புக்கா இதப் போட்டு எடுத்தாந்த? நம்ம வூட்டு மாட்டுக்கே இல்லாம கெடக்குது.”

ஜேசிபி மூடிகளை இறக்கத் தொடங்கியது. அவசரத்தில் ஒன்று நழுவி இன்னொன்றின் மேல் விழுந்து, சொல்லி வைத்ததுபோல இரண்டாகப் பிளந்தது. “பாத்தீங்களா! நொறுங்கும்னு சொன்னேனா இல்லியா!” என்று லாரி மேலிருந்து குதித்தேன். அந்தத் தெருவில் என்னைத் தவிர யாருக்கும் அது நல்ல செய்தியாகப் படவில்லை.

வேறொரு மூடியை எடுத்து வாசல் குழியை மூடினோம். மாப்பிள்ளையின் அம்மா ஒற்றைக் காலால் அதைத் தட்டிப் பார்த்து, மறுகாலையும் வைத்து, கொஞ்சம் நின்று, “கெட்டியாத்தான் இருக்குது” என்று சொல்லி வீட்டுக்குள் வந்தார். என் வாழ்நாளில் நான் வாங்கிய சான்றிதழ்களில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

மாப்பிள்ளை கொல்லையில் குளித்தார். மாற்றுத்துணி? எங்கள் வீட்டில் ஆண் என்றால் அப்பா ஒருவர்தான். அப்பாவின் நீலக் கட்டம் போட்ட கைலி வெளியே வந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பெண்ணின் அப்பாவுடைய கைலியைக் கட்டிக்கொண்டு, தோளில் எங்கள் வீட்டுத் துண்டோடு, பஜ்ஜித் தட்டின் முன் உட்கார்ந்தார். அக்கா காபியோடு வந்தாள். தலை குனிந்துதான் வந்தாள். கைலியைப் பார்த்தாள். தம்ளர் ஆடத் தொடங்கியது. கூச்சமில்லை, சிரிப்பு. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்துவிட்டார்.

“பையனப் புடிச்சிருக்கா?” என்று அம்மா உள்ளே வந்து கேட்டபோது அக்கா சொன்னாள்: “பரவால்லம்மா. சன்னல்லேருந்து எல்லாம் பாத்தேன்.” பிறகு என் தலையிலிருந்து ஒரு வைக்கோலை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான். நான் கொல்லைக்குப் போய்க் கொஞ்ச நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவர் அந்தக் கைலியோடுதான் வேனில் ஏறிப் போனார். கல்யாணமாகி இப்போது அக்காவுக்கு ஒரு பையனும் இருக்கிறான். கைலி மட்டும் திரும்பி வரவில்லை. எந்த விசேஷத்தில் யார் கேட்டாலும், “பொண்ணு பாக்கப் போன எடத்துல வேட்டிய உட்டுட்டு வந்தவன் நம்ம ஜில்லாவுலயே நான் ஒருத்தந்தான்” என்று மாமாவே பெருமையாகத் தொடங்கிவிடுவார். என் பங்கு வரும்போது குரலை உயர்த்துவார்.

இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். அதே தரகர்தான். போன வாரம் வந்து உட்கார்ந்து, பையனுடைய படிப்பு, வேலை, குணம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அதெல்லாம் சரிதாங்க. பையன் கன்னுக்குட்டி தூக்குவாரா? அதக் கேட்டு வாங்க.”

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: “அப்படியே வர்றப்ப அவரு கைலிய அவரே எடுத்தாரச் சொல்லுங்க. எங்கப்பாகிட்ட இனிமே குடுக்க இல்ல.”